கேளாமல் ஒதுங்குவோரைக் கேட்டறிதல்: வளரிளம் பருவச் சமூகப் பதற்றமும் வினாத்தாள் சோதனையும்

உடலைத் தாக்கும் நோய்களில் பல, வலியாலும் காய்ச்சலாலும் மூச்சுத்திணறலாலும் தம் வரவைத் தாமே அறிவித்து, நோயாளியை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. சமூகப் பதற்றக் கோளாறு இதற்கு நேர்மாறான இயல்புடையது. பிறர் தம்மை உற்றுக் கவனிக்கிறார்கள், எடைபோடுகிறார்கள், ஏளனமாக நினைக்கப்போகிறார்கள் என்னும் தீராத அச்சமே இக்கோளாறின் மையம் என்பதால், முன்பின் அறியாத ஒரு மருத்துவரின் எதிரே அமர்ந்து தன் மனநிலையை எடுத்துச் சொல்வதும் அந்த அச்சத்தின் எல்லைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் பெரியவர்களிடையே நடந்த தேசியக் கணக்கெடுப்பின் முடிவுகளை 2005-இல் வெளியிட்ட ரொனால்ட் கெஸ்லர் குழுவினர், இக்கோளாறு தொடங்கும் வயதின் இடைநிலை அளவு 13 என்று கண்டனர். அதாவது, இதற்கு ஆளானவர்களில் பாதிப்பேருக்கு அது 13 வயதிற்குள்ளாகவே தொடங்கியிருந்தது. அதே கணக்கெடுப்பைக் கொண்டு செய்யப்பட்ட மற்றொரு பகுப்பாய்வு, பதற்றக் கோளாறு உடையோரில் என்றேனும் சிகிச்சையை நாடியவர்கள்கூட, கோளாறின் வகையைப் பொறுத்து, இடைநிலை அளவாக 9 முதல் 23 ஆண்டுகள் வரை கடந்த பின்னரே அதை நாடினர் என்று காட்டியது.

பள்ளிப் பருவத்தில் முளைக்கும் ஒரு துன்பம் வளர்ந்து பெரியவரான பின்புதான் மருத்துவரின் காதுக்கு எட்டுகிறது என்றால், பாதிக்கப்பட்டவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பது பயன் தராது. பெரியவர்கள் முன்சென்று கேட்க வேண்டும். முறையீடு எதனோடும் வராதவர்களையும் சேர்த்து எளிய சோதனை ஒன்றுக்கு உட்படுத்தி, அவர்களுள் விரிவான பரிசோதனை தேவைப்படுவோரை மட்டும் பிரித்தெடுப்பதை மருத்துவத் துறையில் ஸ்கிரீனிங் என்பர். இந்த அத்தியாயத்தில் அது முற்சோதனை எனப்படும். சமூகப் பதற்றத்துக்கான முற்சோதனையில் ரத்தமோ எக்ஸ்ரே படமோ பயன்படுவதில்லை. சில வாக்கியங்கள் அச்சிட்ட ஒரு தாளும், அவற்றைப் படித்துத் தனக்குப் பொருந்தும் எண்ணை வட்டமிடும் ஒரு மாணவரும் போதும். இவ்வளவு எளிய கருவியிடமிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை அறிவதற்கு, முதலில் அது எதை அளக்க முயல்கிறது என்பது தெளிவாக வேண்டும்.

கூச்சமும் கோளாறும்

பதின்ம வயதில் பிறர் பார்வைக்குக் கூசுவது வளர்ச்சியின் இயல்பான ஒரு பகுதி. தன் தோற்றத்தையும் பேச்சையும் ஒவ்வொருவரும் கவனித்துக்கொண்டே இருப்பதாக இவ்வயதினர் எண்ணிக்கொள்வதை, அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் ‘கற்பனைப் பார்வையாளர்’ என்ற கருத்தாக்கத்தால் விளக்கினார். லியா சோமர்வில் தலைமையிலான குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 23 வயது வரையிலானோர் மூளை வரைவுக் கருவிக்குள் படுத்திருக்க, அவர்களுடைய வயதை ஒத்த ஒருவர் கேமரா வழியாக அவர்களைப் பார்க்கிறார் என்று மட்டும் சொல்லப்பட்டது. வேறெந்தச் செயலும் இல்லாத அந்தச் சூழலிலேயே சங்கட உணர்வு குழந்தைப் பருவத்திலிருந்து பதின்ம வயதை நோக்கி ஏறியதும், தன்னைப் பற்றிய சிந்தனையோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதி பதின்ம வயதினரிடம் கூடுதலாக இயங்கியதும் பதிவாயின.

இயல்பான இந்தக் கூச்சத்திலிருந்து கோளாறைப் பிரித்துக் காட்டும் முயற்சி 1960-களில் தொடங்கியது. லண்டனில் பணியாற்றிய ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும் 1966-இல், பலவகை அச்சங்கள் தொடங்கும் வயதை ஒப்பிட்டு, சமூகச் சூழல் குறித்த அச்சத்தைத் தனி வகையாக அடையாளம் காட்டினர். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு தன் மூன்றாம் பதிப்பில், 1980-இல், இதை முதன்முறையாகச் சேர்த்துக்கொண்டது. 2013-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி, அச்சமோ தவிர்ப்போ பொதுவாக 6 மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். அது உண்மையான ஆபத்தின் அளவை மீறியதாக இருக்க வேண்டும். படிப்பு, நட்பு, அன்றாட வாழ்வு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க துன்பத்தையோ தடையையோ ஏற்படுத்த வேண்டும். சிறுவயதினராயின், பெரியவர்களிடம் மட்டுமன்றித் தம் வயதொத்தோரிடையேயும் அது வெளிப்பட வேண்டும். இவற்றுள் கூச்சத்தையும் கோளாறையும் பிரிக்கும் முதன்மையான எல்லைக்கோடு வாழ்வில் ஏற்படும் தடையே ஆகும். வகுப்பில் கை உயர்த்தத் தயங்கினாலும் நண்பர் இருவரோடு மகிழ்ந்திருந்து, தேவை வரும்போது பேசிவிடும் மாணவி கூச்ச சுபாவம் உடையவர். வருகைப் பதிவின்போது தன் பெயர் அழைக்கப்படும் கணத்துக்காகக் காலையிலிருந்தே நடுங்கி, உணவு இடைவேளையைக் கழிவறையில் கழித்து, விடை தெரிந்தும் வாய்மொழித் தேர்வு நாளில் விடுப்பு எடுக்கும் மாணவியின் நிலை வேறு.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2011-இல் மார்சி பர்ஸ்டைன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்கப் பதின்ம வயதினர் 10,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய தேசியக் கணக்கெடுப்பை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் தம்மைக் கூச்ச சுபாவம் உடையவர்கள் என்று கூறியிருந்தனர். அவர்களுள் சுமார் 12 சதவீதத்தினரே கோளாறுக்கான வரையறைக்குள் வந்தனர். எனவே, கூச்சத்தை மட்டும் கேட்டு எண்ணும் வினாத்தாள் நலமான இளையோரையே பெருமளவில் அள்ளிக்கொண்டு வரும். நல்ல வினாத்தாள் அச்சத்தின் அளவையும், அந்த அச்சத்தால் கைவிடப்படும் செயல்களையும் சேர்த்தே கேட்டாக வேண்டும்.

வினாத்தாள்களின் வரலாறும் அமைப்பும்

டேவிட் வாட்சனும் ரொனால்ட் ஃபிரெண்டும் 1969-இல் வெளியிட்ட இரு அளவைகளில் இத்துறையின் வேர் இருக்கிறது. ஒன்று பிறரது எதிர்மறை மதிப்பீட்டைக் குறித்த அச்சத்தையும், மற்றொன்று சமூகச் சூழல்களைத் தவிர்ப்பதையும் அவற்றில் படும் துயரத்தையும் அளந்தது. பெரியவர்களுக்கான இக்கருத்துகளைச் சிறுவர்களுக்கு ஏற்றவாறு அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனெட் லா கிரேக்கா வடிவமைத்தார்; பதின்ம வயதினருக்கான அதன் வடிவம் 1998-இல் வெளியானது. அதில் உள்ள 22 வாக்கியங்களுள் 18 மட்டுமே மதிப்பெண்ணில் சேரும்; எஞ்சிய நான்கும் விருப்பங்களையும் பொழுதுபோக்குகளையும் பற்றிய நிரப்பு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 1 முதல் ‘எப்போதும்’ என்பதற்கு 5 வரை எண் தரப்படுவதால், மொத்தம் 18-க்கும் 90-க்கும் இடையில் அமையும். மதிப்பெண் மூன்று கூறுகளாகவும் பிரிக்கப்படுகிறது: பிறர் தவறாக எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம், புதியவர்களிடமும் புதிய சூழல்களிலும் தோன்றும் பதற்றம், நன்கு பழகியவர்களிடையேகூட நீங்காத பொதுவான ஒதுக்கம். மொத்த மதிப்பெண் ஒன்றேயாக இருக்கும் இரு மாணவர்களுள் ஒருவருக்கு முதற்கூறும் மற்றவருக்கு மூன்றாம் கூறும் மேலோங்கியிருந்தால், இருவருக்கும் தேவைப்படும் உதவி ஒரே வகையானதாக இருக்காது.

மைக்கேல் லீபோவிட்ஸ் 1987-இல் பெரியவர்களுக்காக உருவாக்கிய அளவை 24 சூழல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் அச்சம் எவ்வளவு, தவிர்ப்பு எவ்வளவு என்று தனித்தனியே கேட்கிறது. இளையோருக்கான அதன் வடிவமும் பின்னர் வந்தது. இந்தப் பிரிப்பு நுட்பமானது. அஞ்சும் இடங்களுக்கெல்லாம் போவதையே நிறுத்திவிட்ட ஒருவர், அண்மையில் பெரிதாக அச்சப்படவில்லை என்று உண்மையாகவே எழுதக்கூடும். தவிர்ப்பைத் தனியே கேட்டால்தான் அந்த அமைதிக்குக் கொடுக்கப்பட்ட விலை புலப்படும். பிட்ஸ்பர்க்கில் போரிஸ் பிர்மாஹர் குழுவினர் 1997-இல் வெளியிட்டு 1999-இல் 41 வாக்கியங்களாக விரித்த அளவை, பலவகைப் பதற்றங்களையும் ஒருசேரக் கேட்டு, சமூகப் பதற்றத்துக்கு 7 வாக்கியங்களை ஒதுக்குகிறது. பெற்றோர் நிரப்புவதற்கான வடிவமும் அதற்கு உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தின் கேத்ரின் கானர், ஜோனதன் டேவிட்சன் முதலியோர் 2000-இல் வெளியிட்ட 17 வாக்கிய அளவை, அச்சம், தவிர்ப்பு ஆகியவற்றோடு முகம் சிவத்தல், வியர்த்தல், நெஞ்சு படபடத்தல் போன்ற உடற்குறிகளையும் சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து மூன்றே வாக்கியங்களைப் பிரித்தெடுத்த குறுவடிவம் 2001-இல் வந்தது. அவமானத்துக்கு அஞ்சிச் செயல்களைத் தவிர்த்தல், எல்லோர் கவனமும் தன்மேல் விழும் செயல்களிலிருந்து விலகுதல், அவமானப்படுவதைத் தன் பேரச்சங்களுள் ஒன்றாகக் கருதுதல் ஆகிய மூன்றே அதில் கேட்கப்படுகின்றன.

இக்கருவிகள் எவையாயினும், பயன்பாட்டுக்கு வருமுன் இரு சோதனைகளைக் கடக்க வேண்டும். ஒரே நபரிடம் குறுகிய இடைவெளியில் மீண்டும் கொடுத்தால் ஏறத்தாழ அதே மதிப்பெண் வருகிறதா என்பது நம்பகத்தன்மை. எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே அளக்கிறதா என்பது ஏற்புடைமை. இரண்டாவதைச் சரிபார்க்க, வினாத்தாளை நிரப்பியவர்களைப் பயிற்சி பெற்ற வல்லுநர் ஒருவர், மதிப்பெண்ணை அறியாமல் நேர்முகமாக ஆராய்ந்து, இரு முடிவுகளையும் ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டிலிருந்துதான் வெட்டுப்புள்ளி, அதாவது கட்-ஆஃப் மதிப்பெண், பிறக்கிறது. லா கிரேக்காவின் அளவையில் 50, கானர் குழுவினரின் 17 வாக்கிய அளவையில் 19, மூன்று வாக்கியக் குறுவடிவில் 6 என்பவை இவ்வாறு வகுக்கப்பட்டவை. இயற்கையில் 49-க்கும் 50-க்கும் இடையே மதில் எதுவும் இல்லை. கோட்டைக் கீழே இறக்கினால் கோளாறு உடையோர் தவறிப்போவது குறையும், நலமானோர் சிக்குவது கூடும். மேலே ஏற்றினால் நேர்மாறாகும். ஒரு வயதினரிடமோ ஒரு நாட்டிலோ வகுத்த கோட்டை இன்னொன்றில் சோதிக்காமல் அப்படியே எடுத்தாள்வது பிழையாகிவிடும் என்பதற்கும் இதுவே காரணம்.

ஆயிரம் மாணவர்களின் கணக்கு

கோளாறு உடையோரைச் சரியாகப் பிடிக்கும் திறன் உணர்திறன் எனப்படும். கோளாறு இல்லாதோரைச் சரியாக விலக்கும் திறனை விலக்குத்திறன் எனலாம். மூன்று வாக்கியக் குறுவடிவம் பெரியவர்களிடையே முதலில் சோதிக்கப்பட்டபோது, அதன் உணர்திறன் 88.7 சதவீதமாகவும் விலக்குத்திறன் 90 சதவீதமாகவும் இருந்தன. கேட்பதற்கு மிக உயர்ந்தவையாகத் தோன்றும் இவ்விரு எண்களையும், எடுத்துக்காட்டுக்காக, 1,000 மாணவர்கள் படிப்பதாகவும் அவர்களுள் 5 சதவீதத்தினருக்கு இக்கோளாறு இருப்பதாகவும் கொண்ட ஒரு பள்ளியில் பொருத்திப் பார்க்கலாம்.

கோளாறு உடைய 50 பேரில் சுமார் 44 பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவர். 6 பேர் தவறிப்போவர். கோளாறு இல்லாத 950 பேரில் 90 சதவீதத்தினர் சரியாக விலக்கப்பட்டாலும், எஞ்சும் 95 பேர் கோட்டைத் தாண்டிவிடுவர். ஆக, ‘பதற்றம் உண்டு’ என்ற பக்கம் விழும் 139 தாள்களில் 44 மட்டுமே உண்மையானவை. ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அதே வினாத்தாளை, வருவோரில் 40 சதவீதத்தினருக்கு இக்கோளாறு உள்ள ஒரு மனநல மருத்துவமனையில் 1,000 பேரிடம் கொடுத்தால், கோட்டைத் தாண்டும் 415 பேரில் 355 பேருக்குக் கோளாறு இருக்கும். பத்தில் எட்டுக்கும் மேல். கருவி மாறவில்லை, வாக்கியங்கள் மாறவில்லை. கேட்கப்பட்ட கூட்டத்தில் கோளாறின் பரவல் மாறியதால் மதிப்பெண்ணின் பொருளே மாறிவிட்டது. பள்ளியின் கணக்கில் மறுபக்கமும் உண்டு: கோட்டுக்குக் கீழே நின்ற 861 பேரில் 855 பேருக்குக் கோளாறு இல்லை என்பதால், அடுத்து யாரோடு தனியே பேச வேண்டும் என்ற கேள்வியை 1,000 பேரிலிருந்து 139 பேராகச் சுருக்கித் தந்ததில் வினாத்தாள் தன் பணியைச் செவ்வனே செய்திருக்கிறது. கோட்டைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் நோய்ப்பெயர் சூட்டும்போதுதான் பிழை நேர்கிறது.

இந்த எச்சரிக்கையை 2020-இல் பிலிப் ஜெஃப்ரிஸும் மைக்கேல் உங்கரும் வெளியிட்ட ஆய்வு வலுப்படுத்துகிறது. பிரேசில், சீனா, இந்தோனேசியா, ரஷ்யா, தாய்லாந்து, அமெரிக்கா, வியட்நாம் ஆகிய ஏழு நாடுகளில் 16 முதல் 29 வயது வரையிலான 6,825 பேரிடம் சமூகப் பதற்ற வினாத்தாள் ஒன்று கொடுக்கப்பட்டபோது, 36 சதவீதத்தினர் வெட்டுப்புள்ளியை எட்டினர். நேர்முக ஆய்வின் வழியாகக் கண்டறியப்படும் விகிதமோ இதைவிடப் பன்மடங்கு குறைவு. அமெரிக்கப் பதின்ம வயதினரிடையே 2010-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் என்றேனும் இக்கோளாறுக்கு ஆளானோர் 9.1 சதவீதம். அந்த 36-ஐ ‘மூன்றில் ஒருவருக்கு நோய்’ என்று தலைப்பிடுவது வினாத்தாள் சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிப்பதாகும். பலருக்கும் அந்த அச்சம் ஓரளவு உண்டு என்பதை மட்டுமே அது சொல்கிறது.

எங்கே, எப்போது, யார் நிரப்புகிறார்கள்

மதிப்பெண்ணை மாற்றக்கூடியவை இன்னும் சில உள்ளன. கானர் குழுவினரின் அளவை கடந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்கிறது. பேச்சுப் போட்டியோ புதிய பள்ளியில் சேர்க்கையோ நிகழ்ந்த வாரத்தில் நிரப்பப்பட்ட தாள், 6 மாத நிலையைக் குறித்து எதையும் உறுதிப்படுத்தாது. சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகும் ஒருவர் வகுப்பறைக்கு அஞ்சுவது மிகையான அச்சம் அன்று. அங்கே திருத்தப்பட வேண்டியது வகுப்பறை. மனச்சோர்வால் ஒதுங்குபவரும், ஆட்டிசம் காரணமாகச் சமூகக் குறிப்புகளைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுபவரும் அதே எண்களை வட்டமிடக்கூடும். ஜப்பானில் நீண்டகாலமாக அறியப்பட்ட தைஜின் கியோஃபுஷோ என்னும் நிலையில், தன் பார்வையோ உடல் மணமோ முகச்சிவப்போ பிறரைச் சங்கடப்படுத்திவிடும் என்பதே அச்சத்தின் உள்ளடக்கம். தனக்கு நேரும் அவமானத்தை மட்டும் கேட்கும் வினாத்தாள் அதைக் காணத் தவறும்.

நிரப்பும் இடமும் அளவையின் ஒரு பகுதியே. நெருக்கமான இருக்கைகளில், பக்கத்து மாணவரின் கண்ணுக்கு எட்டும்படி தாளை வைத்து, வகுப்பாசிரியரே திரட்டிச் செல்லும் ஏற்பாட்டில், பிறர் பார்வைக்கு மிகவும் அஞ்சுபவர்தான் முதலில் தன்னை மறைத்துக்கொள்வார். தனியிடமும், விடைகளை யார் படிப்பார்கள் என்ற தெளிவான விளக்கமும், விரும்பாவிடில் மறுக்கும் உரிமையும் இருந்தால், வாய்திறந்து சொல்ல இயலாததை எழுத்தில் சொல்வதற்குத் தாள் உதவும். இந்தக் கோளாறுக்கு வினாத்தாள் இயல்பாகவே பொருந்தும் கருவியாவது இதனால்தான். பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்டால் போதாதா என்ற ஐயத்துக்கு, தாமஸ் ஆக்கன்பாக் குழுவினர் 1987-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து விடை தந்தனர்: இளையோர் தம்மைப் பற்றிச் சொல்வதற்கும் பிறர் அவர்களைப் பற்றிச் சொல்வதற்கும் உள்ள ஒட்டுறவு சராசரியாக 0.22 மட்டுமே. முழு ஒற்றுமை 1 என்றும், தொடர்பின்மை 0 என்றும் கொண்டால் இது மிகக் குறைவு. வீட்டில் கலகலப்பாகப் பேசும் மகனைப் பெற்றோரும், தொல்லை தராத மாணவனை ஆசிரியரும் பார்க்கிறார்கள். இருவர் கண்ட உண்மைக்கும் இடையில், பள்ளி வாசலில் தொடங்கும் அவனுடைய அச்சம் யார் கண்ணிலும் படாமல் நிற்கிறது.

மதிப்பெண்ணுக்குப் பின்

எந்த முற்சோதனையையும் தொடங்குமுன் கேட்க வேண்டியவற்றை, உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968-இல் பத்து நெறிகளாக வகுத்தனர். தக்க சோதனை இருக்க வேண்டும் என்பதோடு, ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், கண்டறிவதற்கும் சிகிச்சை தருவதற்கும் வசதிகள் இருக்க வேண்டும் என்றும் அவை வலியுறுத்துகின்றன. சிகிச்சை உண்டு என்பதில் ஐயமில்லை. அச்சத்தை ஊட்டும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும், தவிர்த்த சூழல்களைப் படிப்படியாக எதிர்கொள்ளவும் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பல ஆய்வுகளில் பயன் தந்துள்ளது. சமூகப் பதற்றம் உள்ளிட்ட மூவகைப் பதற்றக் கோளாறுகள் கொண்ட 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12 வாரங்களில் நன்கு தேறியவர்கள் இச்சிகிச்சையால் 59.7 சதவீதம், செர்ட்ராலின் மருந்தால் 54.9 சதவீதம்; இரண்டும் சேர்ந்தபோது 80.7 சதவீதம், வெற்று மாத்திரையால் 23.7 சதவீதம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் தந்த வழிகாட்டுதல், சமூகப் பதற்றம் உடைய இளையோருக்கு இச்சிகிச்சையையே முன்வைத்து, மருந்துகளை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. கேரி மாசியா வார்னர் குழுவினர் அமெரிக்காவில் உருவாக்கிய திட்டமோ, பள்ளி ஆலோசகர்களே பயிற்சி பெற்று, மாணவர் குழுக்களுக்குப் பள்ளிக்குள்ளேயே இத்தகைய பயிற்சியை அளிக்க முடியும் என்று காட்டியது.

இவற்றையெல்லாம் எடைபோட்ட அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு, 2022 அக்டோபரில், 8 முதல் 18 வயது வரையிலான அனைவருக்கும் பதற்றத்துக்கான முற்சோதனையைப் பரிந்துரைத்தது; 7 வயதும் அதற்குக் கீழும் உள்ளோருக்குச் சான்றுகள் போதவில்லை என்றது. முற்சோதனை செய்யப்பட்டோர் செய்யப்படாதோரைவிட நலமடைகிறார்களா என்பதை நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் அக்குழு ஒளிக்கவில்லை. கருவிகள் ஓரளவு துல்லியமானவை, சிகிச்சை பயனளிக்கிறது என்னும் இரு கண்ணிகளை இணைத்தே அந்த முடிவுக்கு அது வந்தது. அந்த இணைப்பு அறுந்துபோகும் இடம் எது என்பதை இதிலிருந்து உணரலாம். கோட்டைத் தாண்டிய மாணவரை யாரும் அழைத்துப் பேசாத பள்ளியில், துல்லியமான கருவியும் சிறந்த சிகிச்சையும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. தீங்கும் நேரலாம். இயல்பான மனச்சிரமங்களை நோயின் மொழியில் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவது, சிலரைத் தம்மை நோயாளிகளாகவே எண்ணித் தவிர்ப்பைக் கூட்டிக்கொள்ளச் செய்யக்கூடும் என்ற கருதுகோளை லூசி ஃபௌக்ஸும் ஜாக் ஆண்ட்ரூஸும் 2023-இல் முன்வைத்துள்ளனர். அது இன்னும் சோதிக்கப்பட வேண்டியது என்றாலும், புறக்கணிக்கத்தக்கது அன்று.

ஆகவே முற்சோதனையைத் திட்டமிடும் பள்ளியோ மருத்துவமனையோ வினாத்தாளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே சிலவற்றை முடிவு செய்தாக வேண்டும்: தாள்களை எந்த நாளுக்குள் யார் படிப்பார், கோட்டைத் தாண்டியவரோடு தனியே அமர்ந்து பேசப் பயிற்சி பெற்றவர் யார், அவருக்கு ஒதுக்கப்படும் நேரம் எவ்வளவு, கோட்டுக்குக் கீழே இருந்தும் வாடித் தெரிபவரை ஆசிரியர் எவரிடம் அனுப்பலாம், சிகிச்சை தேவைப்பட்டால் குடும்பத்தின் சக்திக்குட்பட்ட இடம் எங்கே உள்ளது. ஆயிரம் மாணவர் பள்ளியின் கணக்கு சொல்வதுபோல், அந்த உரையாடல் 139 பேருக்குத் தேவைப்படும். அத்தனை பேரோடும் பேச ஆளில்லாத இடத்தில் முதலில் தேட வேண்டியது ஆளையே. அப்படி ஒருவர் இருக்கும் இடத்தில், மூன்று வாக்கியங்கள் கொண்ட ஒரு சிறு தாள், பத்திருபது ஆண்டுகள் சொல்லப்படாமலே போயிருக்கக்கூடிய ஒரு துன்பத்தை அது தொடங்கிய வயதிலேயே தணிக்கும் வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்புக்காக இக்கருவிகளைக் கவனத்தோடு பயன்படுத்துவது தகும். கேட்டவர்கள் விடையைப் படித்து, அதன்படி நடக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதே அதற்குரிய நிபந்தனை.